தோப்புக்கரணமும் தலைப்பாகையும்

காலை எட்டே முக்கால். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் ஒருவர் பைக்கைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டுகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு, நெற்றியின் இரு பக்கமும் மூன்று குட்டு. இடக்கை வலக்காதையும் வலக்கை இடக்காதையும் பிடிக்க, மூன்று தோப்புக்கரணம். மூன்றாவதில் முழங்கால் ‘டக்’கென்று சத்தம் போடுகிறது. திருநீற்றை இழுத்துப் பூசிக்கொண்டு வண்டியை எடுக்கும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூட வராந்தா. கணக்கு நோட்டைக் கொண்டுவராத ஏழாம் வகுப்புப் பையனுக்கு முப்பது தோப்புக்கரணம். எண்ணிக்கையை அவனே சத்தமாகச் சொல்ல வேண்டும். பதினைந்து வரை குரல் கேட்கிறது. அதற்கு மேல் உதடு மட்டும் அசைகிறது. ஜன்னல் வழியே பார்த்துச் சிரிக்கும் வகுப்புப் பிள்ளைகள் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

காது அதே காது, முழங்கால் அதே முழங்கால். உட்கார்ந்து எழும்போது வேலை செய்கிற தசைகளிலும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் ஒருவர் லேசாகிப் போகிறார், இன்னொருவன் சுருங்கிப் போகிறான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தோப்புக்கரணம் பிறந்ததே சிரிக்க வைப்பதற்காக. திருமாலின் சக்கரத்தைக் குழந்தைப் பிள்ளையார் விளையாட்டாக வாயில் போட்டுக்கொண்டாராம். மிரட்டினால் விழுங்கிவிடுவார். அதனால் மாமன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார், மருமகன் வாய்விட்டுச் சிரித்தார், சக்கரம் வெளியே விழுந்தது. கைகளால் காதைப் பிடிப்பது என்ற பொருளில் வடமொழியில் சொன்னதுதான் தமிழ் வாயில் தோப்புக்கரணம் ஆனது என்பார்கள். பிலிப்பைன்ஸில் வாழ்ந்த சோவா கோக் சுயி 2005-இல் இதையே ‘சூப்பர் பிரெய்ன் யோகா’ என்று புத்தகமாக்கி, மூளைக்கு நல்லது என்று உலகத்துக்கு விற்றார். ஆக ஒரே அசைவு பக்தியாக இருக்கிறது, தண்டனையாக இருக்கிறது, கோமாளித்தனமாக இருக்கிறது, மூளைக்கான டானிக்காகவும் இருக்கிறது. அப்படியானால் அந்த பைக்கில் வந்தவரின் முகத்தைத் தெளிய வைத்தது எது? முழங்காலா, மனமா?

தமிழ் இந்தக் கேள்வியை வெகு காலமாகவே சுமந்துகொண்டிருக்கிறது. ‘மெய்’ என்றால் உடம்பு, ‘மெய்’ என்றால் உண்மை. தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிய இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்று பெயர். உள்ளே நடப்பது மெய்யில் படுவதால் மெய்ப்பாடு. அங்கே எண்ணப்படும் எட்டில் பெருமிதம் ஒன்று, இளிவரல் ஒன்று. கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை இவற்றால் பெருமிதம் வருகிறது. மூப்பு, நோய், வருத்தம், எளிமை இவற்றால் இளிவரல் வருகிறது. பேச்சுவழக்கிலும் அப்படித்தான். ‘தலைநிமிர்ந்து நடந்தான்’, ‘கூனிக்குறுகிப் போனாள்’, ‘இடிந்து போய் உட்கார்ந்தார்’ என்கிறோம். மனதைப் பற்றித்தான் பேசுகிறோம், ஆனால் காட்டுவது முதுகெலும்பை.

தொல்காப்பியக் கணக்கில் போக்குவரத்து உள்ளிருந்து வெளியே. அதைத் தலைகீழாகத் திருப்பியவர் அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ். 1884-இல் ‘மைண்ட்’ இதழில் எழுதிய கட்டுரையில், கரடியைக் கண்டு பயந்து ஓடுகிறோம் என்பது தப்பு, ஓடுவதால்தான் பயம் வருகிறது என்றார். அடுத்த ஆண்டே டென்மார்க் மருத்துவர் கார்ல் லாங்கே ஏறக்குறைய அதையே தனியாகச் சொன்னார். ஜேம்ஸ் இதிலிருந்து ஒரு வைத்தியமும் எடுத்தார். எந்த மனநிலை வேண்டுமோ அதற்குரிய உடம்பை முதலில் போட்டுக்கொள், புருவத்தை இளக்கு, முதுகை நிமிர்த்து, மனம் பின்னாலேயே வந்து சேரும் என்றார்.

அவருக்கு 200 ஆண்டு முன்பே பாஸ்கல் இதை மதத்தின் பக்கமிருந்து சொல்லியிருந்தார். கணிதத்திலும் இயற்பியலிலும் பெரிய மூளை. 39 வயதில் போய்விட்டார். 1670-இல் வெளிவந்த அவருடைய குறிப்புகளில், நம்பிக்கை வரவில்லையே என்று தவிக்கும் ஒருவனுக்கு அவர் வாதம் எதுவும் சொல்வதில்லை. நம்புகிறவர்கள் செய்வதை நீயும் செய், தீர்த்தத்தைத் தொட்டுக்கொள், பூசைக்குப் போ என்கிறார். பழக்கம் நம்பிக்கையைக் கூட்டி வரும் என்பது அவர் கணக்கு. அறிவாளிகளுக்கு இது கசக்கும். ஆனால் பேரனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், “முதல்ல கும்புடு, அப்புறம் கேளு” என்கிற ஆத்தாக்கள் எல்லாம் பாஸ்கலைப் படித்தவர்களா என்ன?

இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடம் இந்தக் கருத்தைக் கையில் எடுத்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1988-இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக்கும் சகாக்களும் ஒரு தந்திரத்தை வெளியிட்டார்கள். சிலரிடம் பேனாவைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள், முகம் தானாகச் சிரிப்பாணியாகிவிடும். சிலரிடம் உதட்டால் பிடிக்கச் சொன்னார்கள், முகம் உம்மணாமூஞ்சியாகிவிடும். பிறகு எல்லோரிடமும் கார்ட்டூன் காட்டினார்கள். பல்லால் கடித்தவர்களுக்கு அது அதிகம் சிரிப்பாக இருந்ததாம். பாடப் புத்தகங்களிலெல்லாம் ஏறிவிட்ட முடிவு இது. 2016-இல் 17 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஏறக்குறைய 1,900 பேரிடம் செய்து பார்த்தபோது விளைவு காணாமல் போனது. 2022-இல் 19 நாடுகளில் 3,878 பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். பேனாத் தந்திரத்தில் உறுதியாக ஒன்றும் தேறவில்லை. ஆனால் சிரித்த முகத்தைப் பார்த்து அதேபோல் செய்தவர்களுக்கும், தாங்களே முகத்தைச் சிரிப்பாக்கிக்கொண்டவர்களுக்கும் கொஞ்சம் மகிழ்ச்சி கூடியிருந்தது.

கொஞ்சம்தான். அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லைத் தூக்கிப்போட்டதால் வந்த வினைதான் ‘பவர் போஸ்’. 2010-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டானா கார்னி, ஆண்டி யாப், ஹார்வர்டின் ஏமி கடி மூவரும் 42 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மேசைமேல் காலைத் தூக்கிப்போட்டு, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து, அதிகாரி மாதிரி இரண்டே நிமிடம் இருந்தால் போதும், எச்சிலில் டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது, மன அழுத்தத்துக்கான கார்ட்டிசோல் இறங்குகிறது என்றார்கள். 2012-இல் கடி பேசிய டெட் உரை கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. நேர்காணலுக்கு முன் கழிப்பறைக்குள் போய் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டு வருவது ஒரு சடங்காகவே ஆனது. 2015-இல் இவா ரனேஹில் குழுவினர் 200 பேரிடம் பார்த்தபோது ஹார்மோன் மாற்றமும் இல்லை, நடத்தை மாற்றமும் இல்லை. ‘கொஞ்சம் தெம்பாக இருக்கிறது’ என்று பங்கேற்றவர்கள் சொன்னது மட்டும் மிஞ்சியது. அடுத்த ஆண்டு கார்னியே, அந்த விளைவு உண்மை என்று தனக்கு இனி நம்பிக்கை இல்லை என்று பகிரங்கமாக எழுதினார். தன் பெயரில் வந்த கட்டுரையைத் தானே கைகழுவும் நேர்மை சாதாரணமானதல்ல.

இதற்கிடையே 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு அதிகம் பேசப்படவில்லை. மேசைமேல் கால் போடும் அந்த இருப்பு அமெரிக்கர்களுக்குத் தந்த தெம்பைக் கிழக்காசியர்களுக்குத் தரவில்லை. நம் ஊரில் செய்து பார்த்திருந்தால் ஹார்மோன் ஏறுகிறதோ இல்லையோ, “காலை இறக்குடா, லட்சுமி தங்க மாட்டா” என்று ஒரு குரல் வந்திருக்கும். உடம்பின் நிலைக்குத் தனியாக ஒரு பொருள் கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் வீடு, ஊர், பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் பொருள் தருகின்றன. கோயில் தோப்புக்கரணமும் வராந்தா தோப்புக்கரணமும் வேறு வேறாகிப் போவது இங்கேதான்.

மதங்கள் இரண்டு நிமிடக் கணக்குப் போடவில்லை. அவை ஆயுள் கணக்குப் போட்டன.

ஒரு முஸ்லிம் ஒரு நாளின் ஐந்து வேளைத் தொழுகையில் கட்டாயமாகத் தொழ வேண்டியது 17 ரக்அத், அதாவது 17 சுற்று. ஒவ்வொன்றிலும் இரண்டு சுஜூது. அதாவது தினமும் 34 முறை நெற்றி தரையைத் தொடுகிறது. ஆண்டுக்கு 12,410 முறை. நிற்பது, குனிவது, நெற்றி பதிப்பது, மண்டியிட்டு அமர்வது என்ற நான்கு நிலைகளும் வாப்பா தொழுததைப் பக்கத்தில் நின்று பார்த்த சின்ன வயதிலேயே உடம்பில் ஏறிவிடுகின்றன. திபெத்திய பௌத்தத்தில் தொடக்கப் பயிற்சியாகவே ஒரு லட்சம் முறை தரையில் விழுந்து வணங்குகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டு ஜப்பானின் டோகென் ஒரு படி மேலே போனார். ஞானம் கிடைப்பதற்காக உட்காருவதில்லை, அப்படி உட்கார்ந்திருப்பதே ஞானம் என்றார். கிறிஸ்தவத்திலோ உடம்பின் நிலை ஒரு மாநாட்டுத் தீர்மானமாகவே ஆனது. கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், கிறிஸ்துவின் தெய்வத்தன்மை பற்றி மோதி முடித்த கையோடு, ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஈஸ்டருக்குப் பின்வரும் பெந்தெகொஸ்தே காலத்திலும் யாரும் மண்டியிடக்கூடாது, நின்றுதான் செபிக்க வேண்டும் என்று 20-ஆவது விதியில் எழுதிவைத்தார்கள். உயிர்த்தெழுந்த நாளில் உடம்பும் எழுந்து நிற்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பிற்காலத்தில் அந்த விதி தளர்ந்துவிட்டது. வேளாங்கண்ணியில் மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் எந்தக் கிழமையானாலும் முழங்காலாலேயே நடக்கும் மக்களைப் பார்க்கலாம்.

இவ்வளவு திரும்பத் திரும்பச் செய்வதால் என்ன ஆகிறது? தரையோடு ஒரு உறவு இருக்கிறது, அது ஒன்று. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். கையையோ முழங்காலையோ ஊன்றினால் மதிப்பெண் குறையும். 2012-இல் வெளியான முடிவின்படி, குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களிடையே அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு மிக அதிகமாக இருந்தது. உட்கார்ந்து எழுந்தால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. தசையும் மூட்டும் சமநிலையும் எப்படி இருக்கின்றன என்பதற்கு அது ஒரு அடையாளம், அவ்வளவே. ஆனாலும் சம்மணம் போட்டு இலையில் சாப்பிட்ட தலைமுறை, டைனிங் டேபிளுக்கு மாறியபோது எதை விட்டுக்கொடுத்தது என்று யோசிக்க வைக்கிறது.

இன்னொன்று மனம் சம்பந்தப்பட்டது. தொழுகிறவர் எல்லா வேளையும் உருகித் தொழுவதில்லை. அதை அவர்களே சொல்வார்கள். கடன், மகளின் கல்யாணம், கடைக் கணக்கு எல்லாம் நெற்றியோடு சேர்ந்து தரையைத் தொடுகின்றன. ஆனால் மனம் வராத நாளிலும் உடம்பு வந்துவிடுகிறது. மனம் எப்போதாவது திரும்பி வந்தால் உட்கார ஒரு திண்ணை தயாராக இருக்கிறது. இரண்டு நிமிட வித்தையால் இதைத் தர முடியாது.

அப்படியென்றால் உடம்பு முடியாதவர்கள்? இங்கேதான் மதங்கள் ஆய்வுக்கூடங்களைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டன. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், உட்கார முடியாதவர் படுத்துத் தொழலாம், அதுவும் முடியாதவர் சைகையால் தொழலாம் என்கிறது இஸ்லாமியச் சட்டம். நிய்யத், அதாவது மனதில் அந்த எண்ணம், இருந்தால் போதும். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் உள்ள 195 சொச்சம் சூத்திரங்களில் ஆசனத்துக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. யோகா என்றதும் ரப்பர் பாயும் வளைந்த இடுப்பும் நினைவுக்கு வரும் இந்தக் காலத்தை அவர் பார்த்தால் என்ன சொல்வாரோ! அவர் கேட்டவை இரண்டுதான். இருப்பு அசையாமல் இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும்.

அந்தச் சுகத்தைக் கல்லில் பார்க்க வேண்டுமானால் யோக நரசிம்மர் சிற்பம் ஒன்றின் முன் கொஞ்ச நேரம் நிற்கலாம். உக்கிரத்துக்குப் பேர்போன சாமி. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார், முன்கைகள் இரண்டும் முழங்கால்மேல் தளர்ந்து நீண்டிருக்கின்றன. கால்களைச் சுற்றி ஒரு பட்டை ஓடுகிறது. யோகபட்டம் என்று பெயர். ஐயப்பன் சிலையிலும் முழங்காலைச் சுற்றி இதே பட்டைதான். நெடுநேரம் அப்படி உட்கார்ந்தால் தொடை களைக்கும், முழங்கால் விலகும். விலகாமல் பிடித்துக்கொள்ளத் துணிப்பட்டை. இரணியனைக் கிழித்த சாமிக்கே முட்டுக்கொடுக்க ஒரு கட்டு வேண்டியிருக்கிறது என்று செதுக்கிய ஸ்தபதிக்கு, உட்கார்ந்தே வேலை செய்கிறவனுக்கு வரும் முதுகுவலி தெரிந்திருக்க வேண்டும். 1,305 படி ஏறிச் சோளிங்கர் பெரிய மலையில் யோக நரசிம்மரைச் சேவித்துவிட்டு, மூச்சு வாங்கத் தூணில் சாய்ந்து உட்காருகிறவர்களும் ஒரு வகையில் அந்தப் பட்டையைத்தான் தேடுகிறார்கள். திருமூலரும் இதே பக்கம்தான். உடம்பைத் தாழ்வாக நினைத்திருந்தவர், அதற்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைக் காக்கத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் சொல்கிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் தானே விரும்பி வளைகிற உடம்பைப் பற்றி. வளைக்கப்படுகிற உடம்பு வேறு கதை. சுயமுன்னேற்றப் புத்தகங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடி. வாங்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண் முப்பதாவது புடவையை விரிக்கிறாள். “இந்தக் கலர்ல பெரிய பார்டர் இருக்காம்மா?” “இருக்குக்கா, எடுத்துத் தர்றேன்.” ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றுகிறாள். யாரும் பார்க்காத நொடியில் இடுப்பை மேசை விளிம்பில் சாய்க்கிறாள், மேலே கேமரா இருப்பது நினைவுக்கு வந்ததும் விலகிக்கொள்கிறாள். அவள் முதுகு நாள் முழுக்க நிமிர்ந்துதான் இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் தன்னம்பிக்கை பொங்கும் என்பது உண்மையானால் அந்த மாடியில் அவளைவிடத் தன்னம்பிக்கையுள்ளவர் யாரும் இருக்க முடியாது.

கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலின் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் நின்றால் அந்தப் பம்பு ஓடாது; ரத்தம் தேங்கும், நாளடைவில் நாளங்கள் புடைத்துச் சுருண்டுகொள்ளும். மனநிலையால் இதைச் சரிசெய்ய முடியாது, ஒரு ஸ்டூல் போட்டால் பெரும்பகுதி சரியாகும். இந்த வாழ்க்கையைச் சென்னை ரங்கநாதன் தெருவின் நெரிசலோடு இயக்குநர் வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ படத்தில் காட்டியது 2010-இல். கோழிக்கோட்டில் தையல் வேலை செய்த விஜி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கி, கடைப் பெண்களின் கழிப்பறை உரிமைக்கும் உட்காரும் உரிமைக்கும் போராடினார். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்றது. உட்காருவதற்கு ஒரு சட்டப்பிரிவு! ஆசனத்துக்குப் பதஞ்சலி மூன்று சூத்திரம் எழுதினார் என்றால், சட்டமன்றமும் தன் பங்குக்கு ஒன்று எழுதியது.

மனநிலைதான் முக்கியம் என்பவர்களின் பக்கத்திலும் ஒரு நல்ல சான்று உண்டு. ஹார்வர்டின் ஆலியா க்ரம், எல்லன் லாங்கர் இருவரும் 2007-இல் வெளியிட்டது. ஏழு ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்யும் 84 பெண்கள். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து படுக்கை மாற்றுகிறவர்கள், ஆனால் அதை உடற்பயிற்சியாக நினைக்காதவர்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், ‘நீங்கள் செய்யும் வேலையே மருத்துவர்கள் சொல்லும் உடற்பயிற்சிதான்’ என்று விளக்கினார்கள். நான்கு வாரத்தில் அவர்களின் எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருந்தது, மேல் ரத்த அழுத்தம் பத்துப் புள்ளி குறைந்திருந்தது. சொன்ன பிறகு அவர்கள் கொஞ்சம் வேகமாக வேலை செய்தார்களா, சாப்பாட்டை மாற்றினார்களா என்று அந்த ஆய்வால் அறுதியிட முடியவில்லை. ஆனாலும் விஷயம் சுவையானது. தன் வேலைக்கு வேறொரு பெயர் கிடைத்ததும் அதே குனிவு வேறாகத் தெரிந்திருக்கிறது. இதைப் படித்த ஒரு முதலாளி, சம்பளத்தைக் கூட்டுவதற்குப் பதில் ஒரு வகுப்பு எடுத்தால் போதும் என்று முடிவுகட்டும் ஆபத்தும் இதிலேயே இருக்கிறது.

வளைக்கப்பட்ட உடம்பின் கதை நம் ஊரில் கடைக்கு வெளியேதான் அதிகம். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கட்டி, வாயைப் பொத்தி நின்ற தலைமுறைகள் எத்தனையோ. 19-ஆம் நூற்றாண்டின் தென் திருவிதாங்கூரில், அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. பெண்கள் மாராப்பு அணியக்கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கவும் கூடாது. லண்டன் மிஷனின் சாமுவேல் மெட்டீர் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். குடத்தை இடுப்பில் வைத்தால் உடம்பு ஒசிந்து ஒரு ஒயில் வந்துவிடும் அல்லவா? அதைக்கூடச் சாதி விட்டுவைக்கவில்லை. மனதை அடக்க வேண்டுமானால் முதலில் இடுப்பையும் தலையையும் பிடிக்க வேண்டும் என்று வில்லியம் ஜேம்ஸுக்கு வெகு முன்பே அந்த விதிகளைப் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சமூகத்தில் 1809-இல், இன்று சாமிதோப்பு என்று சொல்லப்படும் ஊரில், ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். இந்தச் சாதிக்கு முடியா, அதுவும் சூடுவதா என்று மேல்சாதியார் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று என்கிறது அவரைப் பின்பற்றும் அய்யாவழி மரபு. பின்னாளில் வைகுண்டர் ஆன அவர் செய்த காரியங்களில் இரண்டு இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை. ஒன்று, ஆண்கள் வழிபட வரும்போது தலைப்பாகை கட்டச் சொன்னார். மற்ற கோயில்களில் சாமி முன்னால் துண்டு இடுப்புக்கு இறங்கும். இவருடைய வழிபாட்டிடமான பதியில் அது தலைக்கு ஏறியது. இரண்டாவது, கருவறையில் சிலை வைக்கவில்லை. கண்ணாடி வைத்தார்.

கண்ணாடிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. டாஸ்மேனியாவில் 1869-இல் பிறந்த ஃபிரெடரிக் அலெக்சாண்டர் மேடையில் கவிதை சொல்லிப் பிழைத்தவர். மேடையேறினால் தொண்டை கட்டிக்கொள்ளும். வைத்தியம் பலிக்காததால் தானே கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். வாயைத் திறந்ததும் தலை பின்னுக்குச் சரிந்து கழுத்தை அமுக்குவது தெரிந்தது. திருத்திக்கொண்டு பேசினார், சரியாக நிற்பதாக உடம்பு சொன்னது. கண்ணாடியோ அதே பழைய தலையைக் காட்டியது. பழகிய தப்பு உடம்புக்குச் சரியாகவே படுகிறது என்று அவர் அன்று கற்றார். அதிலிருந்து வளர்ந்த அலெக்சாண்டர் முறையை 579 முதுகுவலிக்காரர்களிடம் சோதித்து 2008-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்டது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் 21 நாள் வலி இருந்தது, 24 பாடம் படித்தவர்களுக்கு 3 நாள்.

தனி ஒருவரின் கழுத்து அப்படிப் பொய் சொல்லுமானால், தலைமுறை தலைமுறையாகக் குனிந்த ஒரு ஊரின் கழுத்து எவ்வளவு சொல்லும்? குனிவே இயல்பாகி, நிமிர்ந்தால்தான் கூச்சமாக இருக்கும். வைகுண்டர் அலெக்சாண்டருக்கு வெகு முந்தியவர். கண்ணாடியில் தெரிவது உனக்குள் இருக்கும் இறைவன் என்பது அங்கே சொல்லப்படும் தத்துவம். அத்வைதம் ஒன்றும் புதிதில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டுக் கையில் ஒரு துண்டையும் கொடுத்துத் தலையில் கட்டச் சொன்னது புதிது. மனதுக்கு ஒரு வார்த்தை, உடம்புக்கு ஒரு நிலை, இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். கேரளத்தில் 1927-இல் நாராயண குரு களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்ததை நிறையப் பேர் எழுதுகிறார்கள். சாமிதோப்பில் அது முக்கால் நூற்றாண்டுக்கும் முன்பே நடந்துவிட்டது.

வெளியே உலகம் உடனே மாறிவிடவில்லை. திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் போட்டது. பதியை விட்டு வெளியே வந்து பாதையில் ஒரு மேல்சாதிக்காரர் எதிர்ப்பட்டால் அந்தத் துண்டு என்ன ஆனது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. சிலர் இறக்கியிருப்பார்கள், சிலர் இறக்காமல் அடி வாங்கியிருப்பார்கள். அவர் 1851-இல் மறைந்தார். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று மகாராஜாவின் பிரகடனம் வந்தது 1859-இல், அதுவும் பெரும் கலவரத்துக்குப் பிறகு, மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இன்றும் சாமிதோப்புப் பதிக்குள் போகும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வாசலிலேயே தலைப்பாகை கட்டிக்கொள்கிறார்கள். கல்லூரி மாணவனோ கட்டடத் தொழிலாளியோ, அந்தச் சில நொடி கை இரண்டும் தலைக்கு மேல் உயர்ந்து, மார்பு விரிந்து, கழுத்து நிமிர்ந்தால்தான் துண்டைச் சுற்றி முடிய முடியும். நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அப்பாமார் கட்டிவிடுகிறார்கள். பெரியவர்கள் துண்டு சின்னத் தலையில் நிற்பதில்லை. உள்ளே போய்க் கும்பிடக் குனிந்ததும் நழுவிக் கண்ணை மறைக்கிறது. பையன் ஒரு கையால் அதை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, விளக்குகளுக்கு நடுவே கண்ணாடியில் தெரியும் தன் முகத்தை எட்டிப் பார்க்கிறான். “அப்பா, கோணலா இருக்கு” என்கிறான்.